இரண்டாவது கீபோர்டு

தாமுவே, யாங்கூன்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ருக்சார் லாத்தாவுக்குத் தம்பி ஜுல்ஃபிகர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். பாங்காக்கில் நீங்களும் பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருக்க துஆச் செய்கிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன்.

மிஸ்பா மௌத்தான செய்தி உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். இன்றைக்கு முப்பத்தொரு நாள். டெங்கு. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆறாம் நாள் காலையில் முடிந்துவிட்டது. அடக்கம் கியாக்தானில், அவள் வாப்பா ஊரில். அவள் உம்மா, என் மாமிக்கு இன்னமும் அவள் கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் வகுப்பு எடுத்தாள் என்றுதான் தெரியும். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. அதற்குள் ஒரு காரியம் முடிய வேண்டும். அது உங்கள் கையில் இருக்கிறது.

இதை ஃபோனில் எழுத முடியாது. எங்கள் ஃபோன்களை எல்லாம் ஸ்டுடியோ கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்தது நான்தான். யார் யாருக்கு என்ன அனுப்புகிறார்கள் என்று முதலாளி கோ நாயிங் உட்கார்ந்த இடத்தில் பார்ப்பார். அதனால் வியாழக்கிழமை பாங்காக்குக்குத் துணி எடுக்க வரும் இனாயத்துல்லா காக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டித்தான் கொடுக்கிறேன்.

முதலில் அந்தக் கீபோர்டு விஷயம். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் கையால் ஒருமுறை எழுதியாக வேண்டும்.

கேமரா முன்னால் உட்காருவது நீங்கள். வெளிநாட்டில் இருந்து இண்டர்நெட்டில் பார்க்கிறவன் எழுதுவதற்குப் பக்கத்து அறையில் இருந்து இங்கிலீஷில் பதில் அடிப்பது ஆபித்தும் மற்ற ஆண்பிள்ளைகளும். நீங்கள் பேசுவதாக நினைத்துத்தான் அவன் காசு போடுவான். உங்களைக் கேட்காமலே உங்கள் பேரில் வாக்குக் கொடுப்பார்கள். இன்றைக்கு இது, நாளைக்கு அது என்று. பிறகு அவன் ஏமாந்து கத்துவது உங்கள் முகத்தைப் பார்த்து. அன்றைக்கு மாடிப்படியில் நீங்களும் மிஸ்பாவும் சாயிமாவும் கோ நாயிங்கை வழிமறித்து நின்றீர்கள். எங்க பேருல போறதை நாங்களே அடிக்கிறோம், எங்க அறையிலயும் ஒரு கீபோர்டு மாட்டிக் குடுங்கன்னு கேட்டீர்கள். ஆபித் சிரித்தான். உங்க இங்கிலீஷுக்கு வர்ற ஆளும் ஓடிப்போயிருவான் லாத்தா, மொகத்தை நீங்க பாத்துக்கோங்க, மூளையை நாங்க பாத்துக்கறோம் என்றான். கோ நாயிங் என் பக்கம் திரும்பி முடியுமா என்று கேட்டார்.

முடியாது, அந்த மெஷினுக்கு ஒரு கீபோர்டுதான் பிடிக்கும் என்று சொன்னேன்.

அது பொய், லாத்தா. பத்து நிமிஷ வேலை. பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்று பையன்கள் கேலி செய்வார்களே என்று சொன்ன பொய். நீங்கள் என்னைப் பார்த்து, படிச்ச பிள்ளைன்னு நெனச்சேன் தம்பி என்று மட்டும் சொன்னீர்கள். அந்த மாதமே கிளம்பிவிட்டீர்கள். அன்றைக்குச் சோறு போடும்போது மிஸ்பா கேட்டாள், நெசமாவே முடியாதா என்று. அவளிடமும் அதே பொய்யைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

இனி எழுதப் போவது உங்களுக்குத் தெரியாதது.

இங்கே கரண்ட் நாலு மணி நேரம் இருந்தால் எட்டு மணி நேரம் இருக்காது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் அறை இருட்டாகி, பார்க்கிறவன் போய்விடுவான். அதற்காக ஒவ்வொருவரையும் கொஞ்ச நேரம் படம் பிடித்து வைத்து, கரண்ட் போனதும் அது பேட்டரியில் தானாக ஓடும்படி செய்தேன். மிஸ்பாவுடையது நாற்பத்தெட்டு விநாடி. முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குவாள், விசிறிக்கொள்வாள், இடது பக்கம் திரும்பிச் சிரிப்பாள். மறுபடியும் முதலிலிருந்து. இடது பக்கம் கதவு. படம் பிடித்த அன்று அங்கே நின்று, போதும் என்று கை காட்டியவன் நான்.

காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் அவளால் உட்கார முடியவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். வாரத்திலேயே நல்ல காலை இதுதான், அமெரிக்காக்காரன் எல்லாம் இப்பத்தான் வருவான், ஒரு நாளைக்குச் சமாளிங்க மச்சான் என்றான் ஆபித். நான் சமாளித்தேன். அவளைத் துணித் திரைக்குப் பின்னால் பாயில் படுக்கவைத்து, அந்த நாற்பத்தெட்டு விநாடியை ஓடவிட்டேன். ஆபித் அடித்துக்கொண்டிருந்தான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அன்றைக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாளும், அதற்கு அடுத்த நாளும் அதையே செய்தேன்.

அடக்கம் முடிந்த பிறகுதான் சாயிமா என்னிடம் வந்து சொன்னாள். நடைக்கூடத்தில் இருக்கிற சின்னத் திரைகளில் பெண்கள் நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வீர்களாம். யாருக்காவது முடியவில்லை என்றால் தலை கிளிப்பை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றிக் குத்திக்கொள்வீர்களாம். பார்த்தவள் எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து அந்த அறைக்குப் போவாளாம். நீங்கள் ஆரம்பித்து வைத்த வழக்கம் என்றாள். இரண்டு வருஷம் அந்தத் திரைகளுக்கு ஒயர் இழுத்த எனக்கு அது தெரியாது.

சாயிமா அந்த மூன்று நாளும் பார்த்தாளாம். கிளிப் வலப்பக்கமே இருந்துச்சு காக்கா, சிரிச்சிக்கிட்டே இருந்தாங்க, நல்லாயிருக்காங்கன்னு நெனச்சேன் என்றாள். நான் பாயில் அவள் தலைமாட்டில் கிடந்த கிளிப்பை எடுத்து வைத்திருக்கிறேன். எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

பத்தாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். போனதும் அவளுடைய மூன்றாம் அறைத் திரையில் மிஸ்பா விசிறிக்கொண்டிருந்தாள். ஆபித் அவள் பேரில் அடித்துக்கொண்டிருந்தான். உடம்புக்குச் சுகமில்லை, அதனால் இன்று பேசவில்லை, உங்களைப் பார்த்தால் போதும் என்று.

நான் அவனை ஒன்றும் செய்யவில்லை. ஒன்பது நாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. உங்களிடம் மறைக்க மாட்டேன், லாத்தா. அந்த ஒன்பது நாளும் நான் வேலைக்குப் போனதே அதைப் பார்க்கத்தான். நாற்பத்தெட்டு விநாடிக்கு ஒரு தடவை என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

வேலைக்குத் திரும்பிய பத்தாவது நாள் ஒருவன், ஏன் எப்போதும் இடது பக்கமே பார்க்கிறாய், அங்கே யார் என்று எழுதினான். யாருமில்லை, நீதான் என்று ஆபித் பதில் போட்டான். அப்போதுதான் எழுந்து போய் நிறுத்தச் சொன்னேன். ஆபித்துக்குக் கோபம் வந்துவிட்டது. மொகம்தான் மச்சான் உங்க வீட்டுக்காரி, பேச்சு பூரா என்னோடது, ரெண்டு வருஷமா மிஸ்பான்னு வந்தவன்ல பாதிப் பேரு என்கிட்டதான் வந்தான், பாதி மிஸ்பா நான்தான் என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அதை என்னால் இன்னமும் மறக்க முடியவில்லை.

கோ நாயிங் இன்னொன்று சொன்னார். வருகிற திங்கட்கிழமையிலிருந்து சாயிமாவை அந்த அறையில் உட்காரவைத்து, அவள் முகத்தின் மேல் மிஸ்பா முகம் தெரியும்படி நான் செய்து கொடுக்க வேண்டுமாம். மென்பொருள் இருக்கிறது. முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். நான் செய்யாவிட்டால் ஆபித்தே செய்துவிடுவான். படத்தை அழித்தாலும் பயனில்லை, அவனிடம் பிரதி இருக்கிறது. நேற்று சாயிமா என்னிடம், ஷ்வேப்யிதாவுல தையல் ஃபேக்டரிக்கே திரும்பிப் போயிர்றேன் காக்கா, மௌத்தானவங்க மொகத்தைப் போட்டுக்கிட்டு எப்படி உட்காருவேன் என்று அழுதாள்.

ஒரே வழிதான். சைட்டில் இருக்கிற மிஸ்பாவின் கணக்கையே மூடிவிட வேண்டும். அவள் பேரும் அடையாள அட்டையும் முகமும் அதோடு பதிவானவை. ஒருமுறை மூடினால் அந்த முகத்தில் மறுபடி திறக்க முடியாது. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். மூடப் போனபோது, அவள் கொடுத்த இரண்டாவது ஃபோன் எண்ணுக்கு ஆறு இலக்கம் வரும், அதைப் போடு என்று கேட்டது. என் எண்ணாக இருக்கும் என்று நினைத்துக் கையில் ஃபோனோடு உட்கார்ந்திருந்தேன். திரையில் காட்டிய கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்த பிறகுதான் அது உங்கள் எண் என்று புரிந்தது. அந்தக் கீபோர்டு பேச்சு நடந்த வாரத்தில் மாற்றியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்களுக்குப் பத்து மணி. உங்களுக்குப் பத்தரை. அந்த நேரத்தில் கோ நாயிங் மாவ்பியில் ஒரு கல்யாணத்தில் இருப்பார். உங்கள் ஃபோனுக்கு ஆறு இலக்கம் வரும். பத்து நிமிஷம்தான் செல்லும். தயவுசெய்து அதை எனக்கு அனுப்ப வேண்டாம். மிஸ்பா எனக்குத் தராததை நீங்களும் தர வேண்டாம். சாயிமாவின் அக்கா எண்ணை உறைக்குள் தனித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஸ்டுடியோவோடு இணைக்காத ஃபோன், அன்றைக்கு சாயிமா கையில் இருக்கும். அதற்கு அனுப்புங்கள். சாயிமா மூன்றாம் அறையில் கேமராவுக்கு முன்னால் இருப்பாள். அவளே போட்டு மூடுவாள். ஆபித் எழுந்து வந்தால் நான் கதவில் நிற்பேன்.

அந்த அறையில் இரண்டாவது கீபோர்டை இன்றைக்கு மாட்டிவிட்டேன். ஏழு நிமிஷம் ஆனது.

அல்லாஹ் உங்களுக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு ஃபோனைக் கையில் வைத்திருங்கள், லாத்தா.

இப்படிக்கு,
மிஸ்பாவின் வீட்டுக்காரன்
ஜுல்ஃபிகர்