இந்த ரவுண்டு முடியட்டும்

மதினி,

உங்கள் கம்பளியைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். மழை விட்டு நல்ல வெயில்தான், ஆனாலும் அது காயமாட்டேன் என்கிறது. ஈரக் கம்பளிக்கென்று ஒரு வாசனை உண்டே, தேயிலைக் கறையும் விறகுப் புகையும் சேர்ந்த வாசனை, அது வாசல் முழுக்க நிற்கிறது. மழைக்கு இதைத் தலையில் போட்டுக்கொண்டு எனக்கு முன் நிரையில் நீங்கள் கொழுந்து எடுப்பது போலவே இருக்கிறது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன்.

ஒரு ஓரத்தில் மட்டும் கறை போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், பழுப்பாக நிற்கிறது. அது சீனியின் ரத்தம். அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பக்கத்து அறையில் நீங்கள் இருந்தவரை எதுவானாலும் நடுச்சுவரில் தட்டிச் சொல்லிவிடுவேன். இப்போது அங்கே அஸ்ஸாமிலிருந்து வேலைக்கு வந்த இளம் ஜோடி இருக்கிறது. நான் சுவரைத் தட்டினால் அதுகள் பயந்துபோகும்.

உங்களுக்குச் சீனியை உள்ளங்கை அளவில்தான் தெரியும். உங்கள் நாய் வெள்ளச்சியைச் சிறுத்தை தூக்கிய அன்று காலை லயத்து வீட்டு வரிசையே வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தது. நீங்கள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. விறகுக் குவியலுக்குள் கையை விட்டு, கண் திறக்காத குட்டியை எடுத்து இந்தக் கம்பளியில் சுற்றினீர்கள். மிஞ்சியது அது ஒன்றுதான். பொட்டைக் குட்டி. அதுதான் சீனி. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"வருசத்துக்கு ரெண்டு தடவ வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னா புலிய கண்டு எப்படிட்டி ஓடுவா? இவளுக்கு அந்தக் கதி வேண்டாம். வயசுக்கு வாறதுக்கு முந்தி ஆபரேசன் பண்ணிரணும்."

நாய்க்கு அவ்வளவு யோசித்த நீங்கள் உங்களுக்கு யோசிக்கவில்லை. அந்த நாட்களில்தான் விறகுக்குப் பின்னால் நீங்கள் ஒளித்துவைத்திருந்த துணிகளை நான் பார்த்தேன். தீட்டு நின்று வருஷக்கணக்கான உடம்பில் ஏது ரத்தம் என்று கேட்டேன். அதற்கு நீங்கள், "ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் போறேன். இந்த ரவுண்டு முடியட்டும்" என்றீர்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எஸ்டேட்டில் நாம் எல்லாருமே காலத்தை ரவுண்டு வைத்துத்தானே எண்ணுகிறோம். காது குத்தோ, பல் பிடுங்குவதோ, ஊருக்குப் போவதோ, எல்லாம் ரவுண்டு முடிந்து. முதல் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுக்க ஆரம்பித்துக் கடைசிக் காட்டுக்குப் போய்ச் சேரும்போது முதல் காட்டில் மறுபடி கொழுந்து நிற்கும். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்தவர்கள் நாம். இருந்தும் ஒருவருக்கும் உறைப்பதில்லை.

கடைசியில் மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு நீங்கள் ஜீப்பில் ஏறியபோது குட்டியைக் கம்பளியோடு என் மடியில் வைத்தீர்கள். "பாத்துக்கிடு. வந்து வாங்கிக்கிடுதேன்" என்றீர்கள். வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், எங்கும் பரவிவிட்டது என்று அப்படியே தைத்துவிட்டார்கள். ஜீப்பில் ஏறிய உங்களைத்தான் எனக்குத் தெரியும். திரும்பி வந்தது நீங்கள் இல்லை, உங்கள் உடல்.

அன்றிலிருந்து வயிற்றைத் திறப்பது என்ற பேச்சு வந்தாலே அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுகிறேன். சீனிக்கு ஆறு மாதம் ஆனபோது தடுப்பூசிக்காக ஏலப்பாறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மிருக ஆஸ்பத்திரி டாக்டர் சின்னப் பெண். மலையாளத்தையும் தமிழையும் கலந்து பேசுகிறவள். சீனியின் பல்லைப் பார்த்தாள், வயிற்றைத் தடவினாள்.

"இதுதான் நல்ல சமயம், சேச்சி. முதல் தடவை ரத்தம் படறதுக்கு முன்னே செய்தா பின்னால மாரில கட்டி வர்றது குறையும். கர்ப்பப்பையில சீழ் பிடிக்கிற பயமும் இல்லை. அடுத்த ஆழ்ச்ச கொண்டு வர்றீங்களா?"

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா மதினி? "இந்த ரவுண்டு முடியட்டும் டாக்டர்." சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்கே கேட்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் இவர் வேறு, உங்கள் கொழுந்தனார். "ஒரு ஈத்து போடட்டும். குட்டியே காணாம கத்திய வச்சா பாவம். பொறவு சோத்தத் தின்னுட்டுப் படுத்துக் கிடக்கும், கொரைக்கவும் செய்யாது" என்றார். நாயைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று எனக்குக் கோபம். ஆனால் உள்ளுக்குள் அவர் பேச்சு எனக்குத் தோதாகத்தான் இருந்தது. பயந்தவளுக்குத் தள்ளிப்போட ஒரு சாக்கு போதும்.

ரவுண்டு ஒன்று போய் இன்னொன்றும் போயிற்று. ஒரு விடியற்காலை அடுப்பு மூட்டப் போனபோது சிமெண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். சீனி கம்பளியில் படுத்துத் தன்னையே நக்கிக்கொண்டிருந்தாள். டாக்டருக்குப் போன் போட்டு, இன்றைக்கே கொண்டு வருகிறேன் என்று அழுதேன்.

"இப்போ வேண்டா, சேச்சி. ரத்தக் குழாயெல்லாம் வீங்கி நிற்கும், அறுத்தா ரத்தம் ரொம்பப் போகும். இது தீர்ந்து ரெண்டு மூணு மாசம் கழியட்டும். அதுவரை ஆண் நாய் கிட்ட வராம பாத்துக்கோங்க."

முன்பு போகப் பயந்தேன். இப்போது போக முடியவில்லையே என்று பயம். எங்கிருந்துதான் மோப்பம் பிடித்து வருமோ, லயத்து நாய்களும் கடைத்தெரு நாய்களும் வாசலில் கூடிவிட்டன. நாய்கள் கூடினால் அதன் பின்னால் எது வரும் என்று நமக்குத் தெரியும். ஒரு காலை குழாயடிச் சேற்றில் சிறுத்தையின் கால் தடத்தைப் பார்த்தேன். சீனியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவேன். கை கொழுந்தைக் கிள்ளும், காது லயத்துப் பக்கமே இருக்கும். அவள் குரைத்தாலும் பயம், குரைக்காவிட்டாலும் பயம்.

ஒருநாள் சாயந்தரம் விறகோடு உள்ளே வந்த இவர் கதவைச் சாத்த மறந்துவிட்டார். நான் திரும்புவதற்குள் அவள் என் காலை இடித்துக்கொண்டு தேயிலைக்குள் பாய்ந்துவிட்டாள். பின்னாலேயே ஆண் நாய்கள். மூடுபனி இறங்கி எதிரே நிற்கும் செடி தெரியவில்லை. நான் ஓடினேன். முள்ளோ கல்லோ தெரியவில்லை. குரைத்துக்கொண்டு ஓடிய நாய்கள் எல்லாம் சட்டென்று வாயடைத்தன. அந்த அமைதியின் அர்த்தம் தெரிந்தவள் நான். மேலே எங்கேயோ மரம் அறுப்பது போல ஒரு உறுமல். கூப்பிட வாயைத் திறந்தேன். பயத்தில் அவள் பெயர் மறந்துபோயிற்று, மதினி. "மதினீ!" என்று உங்களைத்தான் கூப்பிட்டேன். லயம் முழுக்கக் கேட்டதாம். இவர் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தார். அதற்கு முன்பே சீனி செடிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்து என் சேலைக்குள் நுழைந்துவிட்டாள். அவள் நடுங்கினாளா, நான் நடுங்கினேனா, பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்று இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஈத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆபரேசன் பண்ணிருவோம்" என்றார். மிச்ச நாட்களில் கதவுக்குக் குறுக்கே அவர்தான் படுத்தார். குட்டி தங்கவில்லை, அந்த மட்டும் தப்பினோம்.

டாக்டர் சொன்ன நாள், வேண்டுமென்றே வந்ததுபோல, கொழுந்து கொட்டும் நேரத்தில் வந்தது. போய்விட்டேன். சீனியைக் கம்பளியோடு உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். ஸ்பிரிட் வாசனை. நீங்கள் உள்ளே போன கதவுக்கு வெளியிலும் இதே வாசனைதான் இருந்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. அவளைத் தூக்கி வந்தார்கள். நாக்கு வெளியே தொங்குகிறது, கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. போய்விட்டாள் என்றே நினைத்தேன். சத்தம் போட்டு அழுதேன்.

"பேடிக்க வேண்டா, சேச்சி. மயக்கம்தான். இங்கே கை வைச்சுப் பாருங்க" என்று டாக்டர் என் கையைப் பிடித்து அவள் விலாவில் வைத்தாள். மெதுவாக ஏறி இறங்கியது. அவள் எழுந்து தள்ளாடி நிற்கும்வரை நான் அந்தக் கையை எடுக்கவில்லை.

தையல் பிரித்தாயிற்று. இப்போது கொடிக்குக் கீழே படுத்துக்கொண்டு, போகிற வருகிற எல்லாரையும் பார்த்துக் குரைக்கிறாள். குரைக்காது என்று சொன்ன மனிதரைப் பார்த்துத்தான் முதலில் குரைக்கிறாள்.

இனி, இத்தனை பக்கமும் சுற்றி வளைத்ததற்குக் காரணம். எனக்கும் தீட்டு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. சீனிக்கு ரத்தம் பட்ட அந்த வாரமே எனக்கும் பட்டது. பிறகும் பட்டது. துணியை நான் எங்கே ஒளித்துவைத்தேன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அந்த விறகுக்குப் பின்னால்தான். உங்களுக்கு வந்ததுதான் எனக்கும் என்று ஒவ்வொரு காலையும் வயிற்றைத் தடவிப் பார்க்கிறேன். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பயம்.

நேற்று இவரிடம் சொல்லிவிட்டேன். இன்று காலை சூப்பர்வைசரிடம் போய், நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், வேலைக்கு வரமாட்டேன் என்றேன்.

"நல்ல கொழுந்து நேரமா இருக்கே. இந்த ரவுண்டு முடியட்டுமே" என்றார்.

"ரவுண்டு என்னைக்கு சார் முடிஞ்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கம்பளி காய்ந்தாலும் காயாவிட்டாலும் நாளைக்கு அதை எடுத்துக்கொண்டுதான் ஜீப்பில் ஏறுவேன். சீனியை இவர் பிடித்துக்கொள்வார். வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல்லமாட்டேன், அது நீங்கள் சொன்ன வார்த்தை. விலாவில் கை வைத்து ஒரு மூச்சு பார்த்துவிட்டுப் போவேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மதினி. ஆனாலும் போகிறேன்.