இடைவேளையிலேயே கொலைகாரனைச் சொன்ன நைனாவுக்கு

என் அன்பு நைனா,

அன்பு என்று எழுதிவிட்டேன், அதை அழிக்கப் போவதில்லை. ஆனால் கடிதம் முழுக்கக் கோபம்தான். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. உனக்கே தெரியும்.

போன வாரம் பொன்னேரிக்குத் தனியாகப் படம் பார்க்கப் போனேன். கொலைக் கதை, பயங்கரத் திருப்பம் என்று எல்லோரும் சொன்ன படம். நீ போன பிறகு நான் பார்க்கும் முதல் படம் அது. வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பவர் என்னைப் பார்த்ததும் கேட்டார். "இன்னா தம்பி, நைனா வரல? வெள்ளிக்கெழம காலை ஆட்டத்துக்கும் ஆளையே காணோமே?"

நீ இல்லை என்று சொன்னேன். அவர் டோக்கனைக் கிழித்துக் கையில் கொடுத்தார். பிறகு, "நல்ல மனுசன்பா. மர்மப் படம்னா ரெண்டு வாட்டி பாக்காம விடமாட்டாரு. வெள்ளிக்கெழம தனியா, ஞாயித்துக்கெழம உன்னோட. எப்பவும் அப்டித்தான?" என்றார்.

எப்பவும் அப்படித்தானா, நைனா?

உள்ளே போய் உட்கார்ந்தேன். கடைசிவரை கொலைகாரன் யார் என்று எனக்குப் பிடிபடவில்லை. தெரிந்தபோது தியேட்டரே கத்தியது. நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் கையில் சமோசாவோடு நிற்பாயே. "அந்தக் கண்ணாடி போட்ட டாக்டர்தான்டா, வேணா பாரு." எப்டி நைனா என்று கேட்டால், "மூள வேணும்டா. டிப்ளமா மட்டும் படிச்சா பத்தாது." ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. பேருந்தில் திரும்பி டச்சுக் கல்லறை பக்கம் இறங்கிக் குப்பத்துக்கு நடக்கும்போதும் அதே பேச்சுதான். பழுதுக்கு வந்த படகு எஞ்சின் ஏன் நின்றது என்று யோசிக்கும்போதெல்லாம், உன் மூளையில் பாதியாவது எனக்கு வந்திருக்காதா என்று ஏங்கியவன் நான்.

இந்தப் படங்கள் ஏன் இப்படி இழுக்கின்றன என்று இப்போது புரிகிறது. ஏமாற்றச் சொல்லி நாமே டிக்கெட் எடுத்துப் போகிறோம். நல்லவன் என்று நினைத்த ஆள் கடைசியில் திரும்பி ஒரு பார்வை பார்க்கிறான். உடனே பின்னால் போய்த் தேடுகிறோம். தடயமெல்லாம் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. ஏமாந்ததே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அது தியேட்டர் இருட்டுக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். விளக்கு போட்டதும் முடிந்துவிட வேண்டும்.

நீ அதை நாம் மீன் பிடிக்கும் ஏரிக்குக் கொண்டுவந்தாய்.

சித்தப்பாவின் வலை கிழிந்து கிடந்த நாளைச் சொல்கிறேன். ஊர் கூடியது. அறுத்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் உன்னைத்தான் பார்த்தார்கள். "பாண்டியனைக் கேளுங்கப்பா, இன்டர்வெல்லயே புடிச்சிருவான்" என்று யாரோ சிரித்தார்கள். நீ எழுந்து நின்றாய். "எல்லாருக்கும் முன்னாடி ஓடியாந்து அறுத்தவனத் தேடினது யாரு? ஏழுமலை. தைக்க நூல் குடுத்தது யாரு? ஏழுமலை. யார் மேல சந்தேகமே வராதோ அவன்தான்."

"தேடுனது தப்பா அண்ணே?" என்று மட்டும் கேட்டார் ஏழுமலை மாமா.

நம் ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் முறை வைத்துக் கொடுப்பதுதான் பாடு. பாடு இல்லாதவனுக்கு ஏரி இருந்தும் இல்லை. அன்றைக்கே அவர் பாட்டை நிறுத்தினார்கள். கண்ணெதிரே தண்ணீரை வைத்துக்கொண்டு அவர் இன்றுவரை ஆரம்பாக்கத்துக்கு மூட்டை தூக்கப் போய்வருகிறார்.

அந்த வலையை யாராவது கையில் எடுத்துப் பார்த்தீர்களா? கத்தி பட்டால் நூல் ஒரு மாதிரி அறும், படகு எஞ்சின் காத்தாடி சுற்றி இழுத்தால் வேறு மாதிரி பிய்யும். நான் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன். வந்து நடந்ததையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டபோது வலையைத் தைத்து முடித்திருந்தார்கள். நீ சொன்னாய், ஊர் நம்பியது, நானும் நம்பினேன். படத்தில் சந்தேகமே வராத ஆள்தான் கொலைகாரன். குப்பத்தில் சந்தேகமே வராத ஆள் பெரும்பாலும் வெறும் நல்லவன்.

உன்னையே நீ நம்ப ஆரம்பித்துவிட்டாயா? கைதட்டு கிடைக்கக் கிடைக்க, முன்னாடியே பார்த்துவிட்டு வந்தது உனக்கே மறந்துபோனதா?

டோக்கன்காரர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! "ரெண்டாவது வாட்டி அது படத்தையா பாத்துச்சு? வாயப் பொளந்துக்குனு நீ பாக்கற மூஞ்சியப் பாக்கத்தான்டா போச்சு" என்றாள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டதற்கு ஏழுமலை மாமா ஏன் மூட்டை தூக்க வேண்டும்?

உனக்கு ஒரு சேதி. உன் பாடைக்கு மூங்கில் வெட்டித் தோளில் சுமந்து வந்தது அவர்தான். பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். "பாத்தியா, இதுக்கும் மொத ஆளா வந்து நிக்கறான்." நீ சொல்லிவிட்டுப் போனது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, நைனா. அவர் நல்லது செய்யச் செய்யச் சந்தேகம்தான் கூடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த சுற்றுக்குப் பாடு பிரிக்க ஊர் கூடுகிறது. "செத்தவன் மானத்த சந்தியில இழுக்காதடா, உனக்குப் புண்ணியமாப் போவுது" என்று அம்மா அழுகிறாள். அவள் அழுவதைப் பார்க்க முடியவில்லை. இருந்தும் போகப் போகிறேன்.

வலையை அறுத்தது யார் என்று கேட்பார்கள். தெரியாது என்பேன். நிஜமாகவே தெரியாது. என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: "எங்க நைனா எதையும் கண்டுபுடிச்சதே இல்ல. மின்னாடியே பாத்துட்டு வந்த படத்தத்தான் சொன்னாரு. ஏழுமலை மாமா விசயத்துல அவரு எதையும் பாக்கல. அவரு பாட்டக் குடுத்துருங்க."

சிரிப்பார்கள். உன்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை உட்காராமல் நிற்பேன். இது சத்தியம்.

உன் மேல் கோபம் தீராத,
உன் மூத்த மகன்
குமரேசன்