கண்ணாடியைத் தின்னும் கறை மருந்து

பாளையங்கோட்டை
30.9.1996

அன்பு மகன் கிங்ஸ்டனுக்கு,

ஆண்டவர் தாங்குவதால் இங்கே நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் துபாயில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் உன் பேரைச் சொல்லித்தான் முழங்கால் போடுகிறோம். ஜெமிமாவும் சுகம் என்று மூன்றாவதாக எழுதுவதுதான் முறை, எழுதினால் அது பொய். பதினெட்டாம் தேதி நீ போட்ட கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது, வாசித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. லேசாகக் கை வெந்ததற்கா அப்பா ஐ.எஸ்.டி. போட்டு வேலை நேரத்தில் கூப்பிட்டார்கள் என்று கேட்டிருக்கிறாய். இரண்டு வாரமாக ஜெமிமா ஒரு வரி எழுதவில்லை, அவளுக்கு அப்படி என்ன வீம்பு என்று கேட்டிருக்கிறாய். போதாததற்குக் கடைசி வரியில், அந்தக் கறை போய்விட்டதா என்று வேறு. கறை போய்விட்டது ராசா. திருவிருந்து மேசைத் துணி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. உன் பெண்டாட்டிக்குத்தான் வலது கையில் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நகம் இல்லை. பேனா பிடிக்க முடியாதவளைப் பார்த்து வீம்பு என்கிறாயே, உனக்கு வாய் கூசவில்லையா? அடுத்த மாதம் பத்தாம் தேதி கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலைக்கு அவள் பரீட்சை எழுத வேண்டும், இரண்டு வருஷமாக டைப் இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே தானும் அடித்துப் பழகினாள், அந்த விரல்கள் இனி அடிக்குமா அடிக்காதா என்று தெரியாமல் நாங்கள் இங்கே செத்துப் பிழைக்கிறோம். அவுகளுக்கு ஒண்ணும் எழுதாதீங்க அத்தை, கடல் தாண்டி இருக்கவுக, மனசு ஒடைஞ்சி போயிருவாக என்று அவள் என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். உன் கடிதத்தைப் பார்த்த பிறகு உன் மனசு கொஞ்சம் உடைந்தால்தான் என்ன என்று எனக்குத் தோன்றிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், பாதியில் மடித்து வைக்காமல் வாசி. நம் கோயில் வழக்கம் உனக்குத் தெரியும், முதல் ஞாயிறு நற்கருணைத் திருவிருந்துக்கு மேசையில் விரிக்கிற துணியைச் சலவைக்குப் போடுவதில்லை, மாதம் ஒரு வீடாக முறை வைத்துப் பெண்கள்தான் கையால் துவைத்துக் கொடுப்போம். செப்டம்பர் நம் முறை. துணி கோயில் இரும்புப் பெட்டியில் இருந்ததில் நடு மடிப்பில் இரண்டு இடத்தில் துருக்கறை, எட்டணா அகலத்துக்கு. ஜெமிமா எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. அப்போதுதான் நீ டிசம்பர் லீவில் கொண்டுவந்த மருந்து ஞாபகம் வந்தது. உங்கள் ஓட்டல் சலவைக்கூடத்தில் துருக்கறைக்கு விடுவது, ஒரு சொட்டு விட்டால் கறை போன இடம் தெரியாது என்று பெருமையாய்ச் சொல்லிக் கொடுத்தாயே அதுதான். ஏலே கிங்ஸ்டன், அதை எதில் கொண்டுவந்தாய்? ஷாம்பு பாட்டிலில். அதன் மேல் ஒருத்தி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். மண்டை ஓடு இல்லை, விஷம் என்று ஒரு எழுத்து இல்லை. எட்டு மாதமாய் அது குளியலறை மாடத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை தலை முழுக வந்து அதை எடுத்து ஊற்றியிருந்தால் நாம் அந்த வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது?

முப்பத்தொன்றாம் தேதி சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அதில் கொஞ்சம் ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, விரல் நுனியால் தொட்டுத் தொட்டுக் கறையில் தேய்த்தாள். எரியவில்லை, புகையவில்லை, ஒன்றுமில்லை. கறை போனதும் அத்தை வந்து பாருங்க என்று சிறுபிள்ளை மாதிரி கூப்பிட்டுக் காட்டினாள். வாளித் தண்ணீரில் கையை அலசிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். பதினொரு மணிக்கு விரல் விண் விண்ணென்று தெறிக்கிறது என்றாள். பார்த்தால் ஒரு சிவப்புகூட இல்லை. நானும் பெரிய மருத்துவச்சி மாதிரி, உலைச் சூடு பட்டிருக்கும் என்று சொல்லி, பேனா மையை எடுத்து விரலில் ஊற்றினேன். முப்பது வருஷம் டீச்சராக இருந்த வீட்டில் மைக்கா பஞ்சம்? பன்னிரண்டு மணிக்குத் தெருமுனை டாக்டரிடம் போனோம். அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. என்ன பட்டது என்று கேட்டார், துணிக்கறை மருந்து என்றோம், சோப்புதானம்மா, இதுக்கா இந்த அழுகை என்று ஒரு களிம்பும் இரண்டு மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவரை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வீட்டுக்கு வருவதற்குள் விரல் நுனி வெந்த முட்டை மாதிரி வெளிறிவிட்டது, நகத்துக்குக் கீழே கறுப்பு ஓடிவிட்டது. பிள்ளை சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுகிறாள், எலும்புக்குள்ள ஊசி ஏத்துத மாதிரி இருக்கு அத்தை, விரல வெட்டி எறிங்க என்கிறாள். காலில் ஆணி ஏறினபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவள் அவள்.

உன் அப்பா போன் பூத்துக்கு ஓடினார்கள். செருப்புகூடப் போடவில்லை. அந்த மருந்தின் பேர் தெரிந்தால் போதும் என்று உன்னைக் கூப்பிட்டால் நீ என்ன சொன்னாய்? அது சோப்பு மாதிரிதாம்ப்பா, தேங்காய் எண்ணெய் போடச் சொல்லுங்க, சூப்பர்வைசர் பார்க்கான், வச்சிருதேன். வைத்துவிட்டாய். அப்பா திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். நல்லவேளை சத்தம் கேட்டு எதிர் வீட்டு எலியேசர் அண்ணாச்சி வந்தார். காலேஜில் இருபத்தெட்டு வருஷம் கெமிஸ்ட்ரி லேபில் வேலை பார்த்த மனுஷர் அல்லவா, விரலைப் பார்த்தார், தொட்டியடியில் கிடந்த தம்ளரை ஒரு துணியால் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். டீச்சர், இந்தத் தம்ளர் மொதல்லயே இப்படித்தான் மங்கலா இருந்துதா என்று கேட்டார். இல்லை அண்ணாச்சி, புதுத் தம்ளர் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. கண்ணாடியத் திங்குத ஆசிட் ஒலகத்துல ஒண்ணுதான், ஹைட்ரோபுளோரிக், இது தோல சும்மா விட்டுட்டு உள்ள எறங்கி எலும்புல இருக்க சுண்ணாம்பத் தேடிப் போவும், மொதல்ல தண்ணி, பொறவு கால்சியம், ஓடுங்க என்றார். அந்த நேரம் குழாயில் தண்ணீர் ஏது? டிரம்மில் பிடித்து வைத்திருந்ததை அப்பா செம்பு செம்பாய் ஊற்ற, அண்ணாச்சி தன் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு அவள் விரலைப் பிடித்துக் காட்டிக்கொண்டே இருந்தார். மையும் களிம்பும் போகப் போகக் கால் மணி நேரம் ஊற்றினோம். இதைக் காலையிலேயே செய்திருக்க வேண்டும் என்று அவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அவள் சேலையிலும் பட்டிருக்கும் என்று மாற்றச் சொல்லி, மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றச் சொல்லி, ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானும் கூடவே வந்தார். பாட்டிலையும் பைக்குள் பை போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டார்.

அங்கே கோமு என்று ஒரு சின்ன டாக்டரம்மா, டவுண் பிள்ளை, உன்னைவிட இரண்டு வயசு குறைவாகத்தான் இருக்கும். இந்த ஆசிட் பட்டவர்களை நான் பார்த்ததில்லை, ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள், யாருக்கோ போன் போட்டாள். தெரியாது என்று சொல்ல ஒரு டாக்டருக்கு வாய் வந்ததே என்று அவள் மேல் எனக்கு அந்த நிமிஷமே நம்பிக்கை வந்துவிட்டது. கால்சியம் குளூக்கோனேட் என்கிற ஊசி மருந்தை உடைத்து, வழுவழுவென்று ஒரு ஜெல்லியில் குழைத்து, அதை ரப்பர் கையுறைக்குள் நிரப்பி, ஜெமிமாவின் கையை அதற்குள் நுழைத்தாள். நகத்துக்குக் கீழே மருந்து போகாது என்று இரண்டு நகத்தையும் எடுத்துவிட்டாள். விரலைச் சுற்றிப் பொடிப் பொடியாய் ஊசி. இந்த ஆசிட் இரத்தத்தில் உள்ள கால்சியத்தையும் இழுத்துவிடும், நிறையப் பட்டால் நெஞ்சே நின்றுவிடும் என்று மார்பில் வயர் ஒட்டி வேறு பார்த்தார்கள். நான் வராண்டாவில் நின்று எந்தச் சங்கீதத்தைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நாலு மணிக்கு, அத்தை, வலி கொறையுது என்றாள். வலி குறைந்தால்தான் மருந்து போய்ச் சேருகிறது என்று அர்த்தமாம். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஞாயிறு காலை அந்தத் துணியை அப்பா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திருவிருந்து எடுக்காமலே திரும்பி வந்துவிட்டார்கள்.

இப்போது நீ கேட்பாய், பாட்டிலோடு கையுறையும் கொடுத்தேனே அம்மா என்று. கொடுத்தாய். எதற்கு என்று சொன்னாயா? டி.வி.யில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே, இதையும் வச்சுக்கோங்க என்று தூக்கிப் போட்டாய். நான் அதை மாட்டிக்கொண்டு எட்டு மாதமாய்க் கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் காலையில் ஜெமிமா என்னிடம் கேட்டாள் மகனே. அத்தை, அவுக ஒரு கையுறை கொடுத்தாகளே, அதப் போட்டுக்கிடட்டுமா என்று தெளிவாய்க் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கர்த்தருடைய மேசைத் துணியைக் கக்கூஸ் உறை போட்ட கையாலேயா தொடுவே, எங்க மாமியார் காலத்திலேருந்து வெறுங்கையாலதான் துவைச்சிருக்கோம் என்று சொன்னேன். அவள் எடுத்த உறையைத் திரும்ப மூலையில் வைத்துவிட்டாள். இதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொல்லவில்லை, எனக்கும் ஞாபகப்படுத்தவில்லை. உன் கடிதத்தை மூன்று நாளாய்க் கையில் வைத்துக்கொண்டு உன்னைத் திட்டித் தீர்த்தேனே, பாதித் திட்டு எனக்குத்தான் என்று இன்றைக்குக் காலையில்தான் ஒத்துக்கொள்ள முடிந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். என்ன அத்தை இது என்று அழுதாள், நானும் அழுதேன். துணிக்குக் காட்டின பயபக்தியைப் பிள்ளையின் கைக்குக் காட்டவில்லை, அதற்காக ஆண்டவர் என்னைத்தான் கேட்பார். உனக்கும் பங்கு உண்டு, தப்பிக்கலாம் என்று பார்க்காதே.

அதோடு உன் விரலைப் பற்றியும் எனக்குச் சொல்லியாக வேண்டும். டிசம்பரில் வந்தபோது உன் நகக்கண் வெடித்து வெளிறி இருந்தது, ஏ.சி. குளிர் என்றாய். ஏலே, நீ அங்கே வெறுங்கையோடுதான் வேலை செய்யுதியா? உண்மையைச் சொல். எலியேசர் அண்ணாச்சி சொல்லச் சொல்ல எழுதுகிறேன், இதை உன்கூட வேலை செய்கிற மலையாளிப் பையன்களுக்கும் வாசித்துக் காட்டு. அந்த மருந்து வருகிற பெரிய கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படி, படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவனைக் கேள். அதை இன்னொரு பாட்டிலில் ஊற்றவே கூடாது, கண்ணாடியில் வைக்கவே கூடாது. ஆசிட் தாங்குகிற நீளக் கையுறை போடு, ஓட்டை இருக்கிறதா என்று தினமும் ஊதிப் பார், கண்ணுக்குக் கண்ணாடி, காற்றோட்டமான இடம். மேலே பட்டால் வலிக்கட்டும் என்று காத்திருக்காதே, இதன் மோசமே அதுதான், வலிக்கும்போது நேரம் போயிருக்கும். உடனே ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் பிடி, பட்ட சட்டையைக் கழற்று, எண்ணெய் மை களிம்பு ஒன்றும் வேண்டாம், அந்தக் கால்சியம் ஜெல்லியைத் தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போ, தேய்க்கிறவனும் கையுறை போட வேண்டும். கண்ணில் பட்டால் ஜெல்லி கூடாது, தண்ணீர் மட்டும்தான், உடனே டாக்டர். அந்த ஜெல்லி உங்கள் சலவைக்கூடத்தில் இருக்கிறதா என்று நாளைக்கே சூப்பர்வைசரைக் கேள். கோபிப்பானோ என்று பயந்தால், உன் அப்பா போனில் கேட்டதற்கு நீ அவனுக்குப் பயந்து வைத்ததை நினைத்துக்கொள். வாங்கித் தரமாட்டோம் என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடு, இங்கே கூழோ கஞ்சியோ நாங்கள் ஊற்றுகிறோம். மிச்ச மருந்தை அண்ணாச்சி காலேஜ் லேபுக்குக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக, உனக்கு நல்ல புத்தியையும் கொடுப்பாராக. அப்பா முத்தம் சொல்லச் சொன்னார்கள். ஜெமிமாவுக்கு நீ தனியாக எழுது, வீம்பு என்று எழுதினதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டு எழுது.

ஒன்று மறந்துவிட்டேன். இந்தக் கவரை நீ கிழித்து எறிந்திருந்தால் குப்பையிலிருந்து எடுத்துப் பார். மேலே உன் விலாசத்தை இன்றைக்கு ஜெமிமா இன்ஸ்டிடியூட்டில் போய் டைப் அடித்துக்கொண்டு வந்தாள். நான் அடிக்க வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, விரல் கட்டைப் பிரித்துவிட்டு அடித்தாளாம். மற்ற விரல்கள் அடித்த எழுத்தெல்லாம் கறுகறுவென்று விழுந்திருக்கிறது. இங்கிலீஷில் உன் பேரின் முதல் மூன்று எழுத்து, கே, ஐ, என், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மங்கலாக இருக்கும். அந்த மூன்றையும் அடிக்கிறது அந்த இரண்டு விரல்கள்தானாம். நாலு தடவை அடித்துப் பார்த்தாளாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாரம்மாள் நேசையா