அப்பாவுக்கு நான் சொன்ன பிரசங்கங்கள்

பாறசாலை
ஜூன் 16

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜினிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் நான், அப்பா, பசு கறுப்பி, அவளுடைய கன்று எல்லோரும் இங்கே சுகம், என் இடது முழங்கால் மட்டும் மழை தொடங்கியதிலிருந்து எங்களோடு சேராமல் தனியாக நிற்கிறது. நீயும் அயர்லாந்தில் சுகமாக இருந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, நைட் டியூட்டி முடிந்து நன்றாகத் தூங்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்கு நாலு தாளில் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதுவும் தவிர இந்த வீட்டில் இப்போது ரகசியமாக எதுவும் பேச முடியாது, அடுக்களையில் ஸ்பூன் விழுந்தால் முற்றத்திலிருந்து அப்பா என்ன விழுந்தது என்று கேட்கிறார். அது எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பயப்படாதே, எல்லாம் நல்ல செய்திதான், நடுவில் அம்மா செய்த கள்ளத்தனம் கொஞ்சம் வரும், அதற்கு இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் நீ போனில் கேட்டாயே, அப்பாவுக்கு என்மேல் இன்னும் கோபம் தீரவில்லையா என்று. இரண்டு வருஷமாக ஒரு தடவைகூடப் போனை வாங்கிப் பேசவில்லை, நான் கூப்பிட்டால் மட்டும் எப்படிப் பசுவுக்குப் புல் அறுக்கும் நேரம் வந்துவிடுகிறது என்று. ஏர்போர்ட் வாசலில் நின்று, அப்பா போயிட்டு வாறேன் என்று மூன்று தடவை சொன்னாயாம், அப்பா திரும்பியே பார்க்காமல் கார் நின்ற பக்கம் நடந்து போய்விட்டாராம். நான் அந்த நேரம் நீ மறந்த ஜாக்கெட்டை எடுக்கக் காருக்கு ஓடியிருந்தேன், எனக்கு இது தெரியவே தெரியாது. இதை இரண்டு வருஷம் நெஞ்சில் வைத்துக்கொண்டு அங்கே குளிரில் நடந்தாயா, என் மக்களே. அப்பாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. தடிமில்லில் முப்பது வருஷம் மரம் அறுக்கிற வாள் சத்தத்துக்கு நடுவே நின்ற மனிதர், அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிட்டது. போகாதே, நெய்யாற்றின்கரையிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார் என்று உன்னோடு சண்டை போட்டது உண்மைதான், ஆனால் உனக்கு விசா வந்த அன்றே அந்தக் கோபம் போய்விட்டது, சந்தையில் மீன்காரியிடம்கூட என் மகள் வெளிநாட்டுக்குப் போகிறாள் என்று சொல்லிக்கொண்டு நடந்தார்.

எனக்கும் இது முதலில் பிடிபடவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார், கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவார், ஆண்கள் எல்லோரும் இப்படித்தானே என்று விட்டுவிட்டேன். போன வருஷம் மே மாதம் நம் சபைக்கு ஜெயஷீலா போதகர் மாற்றலாகி வந்தார். முன்பு போதகரின் மனைவியைத்தான் போதகரம்மா என்போம், இப்போது போதகரே அம்மாவாக இருப்பதால் அவருடைய வீட்டுக்காரரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று சபைக் கமிட்டிக்கு இன்னும் தெரியவில்லை, அந்த நல்ல மனிதர் எப்படிக் கூப்பிட்டாலும் வந்து நிற்கிறார். முன்னே இருந்த போதகர் பிரசங்கம் பண்ணினால் ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும். இவர் கத்தவே மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே பேசுகிற மாதிரி பேசுவார். அப்பா முதல் மாதமே, இவங்களுக்குப் பிரசங்கம் வராது, சும்மா முணுமுணுக்கிறாங்க என்று குறை சொல்லத் தொடங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் ஏதோ சொல்லச் சபை முழுவதும் சிரித்தது. ஆண்கள் பக்கத்தில் அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எல்லோரும் சிரித்து முடிந்தபிறகு தனியாகச் சிரித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அதைப் பார்த்த எனக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு முதலில் சத்தம் போட்டார், அப்புறம் ஒத்துக்கொண்டார், ஆனால் உனக்கு மட்டும் தெரியக்கூடாது என்றார். 'நான் போகாதேன்னு தடுத்தவன். இப்ப காது கேக்கல்லன்னு தெரிஞ்சா அவ வேலய விட்டுட்டு வந்து நிப்பா. பின்ன என் பிடிவாதம் ஜெயிச்ச மாதிரி ஆகும்' என்றார். நீ நர்ஸ், இரண்டு வார்த்தை பேசினாலே கண்டுபிடித்துவிடுவாய் என்ற பயத்தில்தான் உன் போன் வந்தாலே தொழுவத்துக்கு ஓடினார். காது மெஷின் வாங்கவும் சம்மதிக்கவில்லை, சந்தையில் நாலு பேர் பார்ப்பார்களாம்.

அன்றிலிருந்து ஞாயிறு பிரசங்கத்தை அப்பாவுக்கு மறுபடி சொல்வது என் வேலை ஆயிற்று. கோயில் விட்டுப் பினுவின் ஆட்டோவில் ஏறியதும் தொடங்குவேன், வீட்டில் தட்டில் மீன்கறி விளம்பும்போது முடிப்பேன். சத்தமாகச் சொல்லவேண்டும் அல்லவா, மாமி, எனக்கு இனி கோயிலுக்கே போகவேண்டாம், வண்டியிலேயே கிடைக்குது என்று பினு களியாக்கிச் சிரிப்பான். நம் போதகர் பெரிய பெரிய காரியம் எதையும் செய்யச் சொல்லமாட்டார். வேதப்பகுதியை விளக்கிவிட்டுக் கடைசியில், இந்த வாரத்துக்கு ஒன்று என்று ஒரு சின்ன வேலை கொடுப்பார். ஒரு வாரம், நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்கு நன்றி சொல்லுங்கள் என்றார். நான் பினுவுக்குச் சொன்னேன், மாமி வேறு ஆட்டோ பிடித்துவிட்டாளோ என்று அவன் பயந்துபோனான். இன்னொரு வாரம், யாராவது பேசினால் முடியும்வரை குறுக்கே பேசாதீர்கள் என்றார், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே நான் தோற்றுவிட்டேன். சிரிப்பாக இருந்தாலும் அந்தப் பேச்சு ஆளைத் தூக்கி நிறுத்துகிறது. நீ போனபிறகு உன் அறையைப் பெருக்கப் போனாலே எனக்குக் கை ஓடாது, உன்னிடம் சொன்னதில்லை. ஒரு ஞாயிறு போதகர், முழு நாளையும் ஒரேயடியாகச் சுமக்கவேண்டாம், மத்தியானம் வரைக்கும் சுமந்தால் போதும், அங்கே ஆண்டவர் வந்து கை மாற்றிக்கொள்வார் என்றார். அதிலிருந்து நான் மத்தியானம் வரைக்கும் மட்டும்தான் உன்னை நினைத்துக் கவலைப்படுகிறேன், அப்புறம் அவரிடம் கொடுத்துவிட்டுக் கறுப்பியைக் குளிப்பாட்டப் போய்விடுகிறேன்.

இப்போது கள்ளத்தனத்துக்கு வருகிறேன். முதலில் உள்ளது உள்ளபடிதான் அப்பாவுக்குச் சொன்னேன். அப்புறம் ஒரு வாரம், பிரஷர் மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடவேண்டும் என்றும் போதகர் சொன்னதாகச் சேர்த்துவிட்டேன். ஒரு வருஷமாக நான் தொண்டை கிழியச் சொல்லியும் கேட்காத மனிதர், சாப்பாடு முடிந்ததும் மாத்திரை டப்பாவைத் தேடினார். எனக்கு ருசி பிடித்துவிட்டது. மழையில் குடை இல்லாமல் ரப்பர் விளைக்குப் போகக்கூடாது, கஞ்சியில் உப்புக் குறைந்தால் முகம் சுளிக்கக்கூடாது, எல்லாமே, பாவம், அந்தப் போதகர் சொன்னதாகவே ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், சாப்பிட்ட தட்டை ஆண்கள் தாங்களே கழுவவேண்டும் என்று போதகர் ஒரு வாரம் உண்மையாகவே சொன்னார். அதை மட்டும் அப்பா நம்பவில்லை, இது நீ கூட்டினது என்று எழுந்து போய்விட்டார்.

இந்த வருஷம் மே மாதம் இரண்டாவது ஞாயிறு சபையில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் இருந்ததால் போதகர் பத்தே நிமிஷம்தான் பேசினார். முந்தின நாள் நீ கூப்பிட்டு அப்பா எங்கே என்று கேட்டிருந்தாய், அப்பா தொழுவத்தின் பின்னால் நின்று, நான் பேசி முடிக்கும்வரை என் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். அது மனதில் கிடந்து அறுத்தது. மத்தியானம் சோறு விளம்பிக்கொண்டே சொன்னேன், தன் இயலாமையைப் பிள்ளைகளிடம் மறைக்கிற தகப்பன் தன்னையே அவர்களிடமிருந்து மறைத்துக்கொள்கிறான் என்று போதகர் சொன்னார் என்று. சொல்லி முடித்தபிறகுதான் எனக்கே பயமாயிற்று, அது எங்கிருந்து என் வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார், தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார். மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்று, வா, தம்பானூருக்குப் போவோம் என்றார். பாசஞ்சர் ரயிலில் டவுனுக்குப் போய், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில் காது டெஸ்ட் பண்ணினோம், இரண்டாம் தடவை போனபோது மெஷின் கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர், ரயில் அறிவிப்பும் ஆட்டோ ஹாரனும் கேட்டு ரோட்டோரம் அப்படியே நின்றுவிட்டார், இவ்வளவு சத்தத்திலயா எல்லாரும் ஜீவிக்குது என்று கேட்டார். முதல் மூன்று வாரம் வீட்டுப் பேச்சு மட்டும் கேட்டுப் பழகட்டும், போன் அதற்குப் பிறகு போதும் என்று கடைப்பெண் சொல்லி அனுப்பினாள்.

மெஷின் வைத்த முதல் ஞாயிறு அப்பா முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். போதகர் பேசப் பேச அவர் முகம் மலர்ந்தது, நானோ இதுவரை கூட்டிச் சொன்னதையெல்லாம் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஆராதனை முடிந்து போதகர் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுக்கும்போது அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இயலாமையை மறைக்கிற தகப்பனைப் பற்றி அன்றைக்கு நீங்கள் சொன்னதால்தான் இந்த மெஷின் வந்தது, முணுமுணுக்கிறீர்கள் என்று குறை சொன்னதற்கு மன்னிக்கவேண்டும் என்றார். போதகர் அவரைப் பார்த்தார், பின்னால் நின்ற என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. அந்த அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. 'ஐயா, நான் அப்படிப் பிரசங்கம் பண்ணினதா எனக்கு ஓர்மை இல்ல. ஆனா சொன்னது யாரா இருந்தாலும் எனக்கும் அது வேண்டியதுதான்' என்றார். ஆட்டோவில் பினு கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். வீட்டில் சோறு வைத்ததும் அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரஷர் மாத்திரை? நான்தான் என்றேன். குடை? நான்தான். கஞ்சிக்கு உப்பு? அதுவும் நான்தான். தட்டு? அது சத்தியமாகப் போதகர் சொன்னது என்றேன். அப்பா சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற கோழி ஓடிவிட்டது. 'போதகரம்மா நல்லாத்தான் பிரசங்கம் பண்ணுறாங்க. ஆனா சாப்பிடுற நேரத்தில நீயும் பறஞ்சாத்தான் எனக்கு முழுசாவும்' என்றார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அப்பா என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளில் இதுதான் பெரியது.

அந்தச் சனிக்கிழமை போதகர் எனக்குப் போன் பண்ணி, நீங்கள் சொன்னதை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மறுநாள் அதை வைத்தே பிரசங்கம் பண்ணினார், இந்தச் சபையில் ஒருவரிடம் நான் படித்தது என்று மட்டும் சொன்னார், பெயர் சொல்லவில்லை, எனக்குத்தான் காது வரைக்கும் சிவந்துவிட்டது. இந்த வாரத்துக்கு ஒன்று, நீங்கள் மறைத்து வைத்திருக்கிற இயலாமையை வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள் என்றார். பினு, இருட்டினால் தனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டான், ஆறு மணிக்கு மேல் ஆட்டோ எடுப்பதில்லை, கண் டாக்டரையும் பார்த்துவிட்டான். பெரியவர்கள் மூன்று பேர் அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டுத் தம்பானூர் கடைக்கு வழி கேட்டார்கள், அப்பாவும் சட்டைப்பையில் அந்தக் கடையின் கார்டை வைத்துக்கொண்டு பெரிய உத்தியோகஸ்தர் மாதிரி நடக்கிறார். என் இயலாமை என்ன என்று நானும் யோசித்துப் பார்த்தேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாததுதான். அதனால் உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக, கோட் போட்டாயா என்று அப்பா கேட்கிறார், பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிச் சாப்பிடச் சொன்னார், பனியில் வழுக்காமல் நடக்கச் சொன்னார் என்று போனில் நான் சொன்னதெல்லாம் நானே கூட்டியது.

நீ போன வாரம் பேசி வைத்ததும் இதையும் அப்பாவிடம் ஒத்துக்கொண்டேன். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'அதெல்லாம் நான் நினைச்சதுதான். நீ ஒண்ணும் கூட்டல்ல' என்றார். அப்புறம் ஏர்போர்ட் வாசலில் நடந்ததைச் சொன்னேன். மூணு தடவை சொன்னாளா என்று கேட்டார். மெஷினைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், கண்ணையும் துடைத்தார். 'எனக்கு ஒண்ணுகூடக் கிட்டல்ல. காது காரியத்த நீயே அவளுக்கு எழுது. எழுதிட்டு, அத இன்னொருக்க சொல்லச் சொல்லு' என்றார்.

கடிதத்தைக் கொண்டுவருகிற அகில் நம் சபைப் பையன், உன் ஊரிலேயே படிக்க வருகிறான், சனிக்கிழமை உன் கையில் தருவான். மீன் ஊறுகாயும் ஏத்தங்காய் சிப்ஸும் கூட இருக்கின்றன, அவனுக்கும் ஒரு பங்கு கொடு, புது ஊரில் மிரண்டு நிற்பான். வேலையை விட்டு ஓடி வராதே, லீவு கிடைக்கும்போது சிரித்துக்கொண்டு வா. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கையால் மருந்து வாங்குகிற எல்லோருக்கும் சுகம் தரட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நமக்குப் பன்னிரண்டரை, உனக்குக் காலை எட்டு மணி, போனை அப்பாதான் எடுப்பார். சுகமா என்று கேட்காதே, காது எப்படி என்றும் கேட்காதே, அன்றைக்கு வாசலில் நின்று சொன்னதை முதலில் சொல். பதிலை அப்பா நாலு நாளாகத் தொழுவத்தில் நின்று பழகுகிறார், போயிட்டு வா மக்களே, போயிட்டு வா என்று, கறுப்பி ஒவ்வொரு தடவையும் கயிற்றை இழுத்துக்கொண்டு புறப்படப் பார்க்கிறாள்.

இப்படிக்கு, இந்த ஒரு தடவை எதையும் கூட்டாமல் எழுதிய
உன் அம்மா
ரத்னாபாய் ராஜையன்