மஹ்ரூபின் படகு

1932 செப்டம்பர் 5, திங்கள்

கந்தோரில் வேலை முடிந்ததும் ஆற்றுத்துறைக்குப் போனேன். நாலு வருடமாக அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆனால் அடுத்த மாதம் இருபத்துமூன்றாம் திகதி மகள் ருக்கியாவின் நிக்காஹ். மாப்பிள்ளை ஹபீலும் அவன் ஆட்களும் மடவளையிலிருந்து வருகிறார்கள். மகாவலியைக் கடக்கப் போவது அந்தப் படகில்.

இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்த படகு. கரைக்குக் கரை கட்டிய கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். என் மாமனார் இருந்தபோது, வருடா வருடம் ஆறு வற்றியதும் கரையேற்றி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஒவ்வொரு பொருத்தாக அடைப்பார். இப்போது இடப்பக்க வள்ளத்தில் பழஞ்சாக்கைக் கிழித்துச் செருகியிருக்கிறார்கள். படகுக்காரன் சிரட்டையால் தண்ணீர் அள்ளி ஊற்றியபடி இருந்தான்.

துறைக் குத்தகை இப்போது என் மனைவியின் தம்பி மஹ்ரூபிடம். மாமனாரின் நாற்பதாம் நாள் கத்த விருந்தில், அவ்வளவு பேருக்கும் முன்னால், "மச்சான் சோறு திண்ட கையாலயே பெட்டிசனும் எழுதுவார்" என்று சொன்னவன். அன்றோடு பேச்சு முடிந்தது.

அவனைப் பற்றிப் பெட்டிசன் எழுதியது உண்மைதான். அதைச் சபையில் சொல்ல வேண்டுமா?

செப்டம்பர் 9, வெள்ளி

மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைச் சுற்றி வரட்டும் என்று என் மனைவி ரபீகாவிடம் சொல்லி அனுப்பினேன். தம்பியிடம் போய்வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"பெண்ணுட மாமா தொறையில ஈக்க, மாப்புள பாலத்தால வாறதா? எங்கட குடும்பத்துல எல்லா மாப்புளமாரையும் மாமாதானே கையப் புடிச்சிக் கரையேத்தின. ஒங்களுக்கு அவன்ட மரியாதையக் கெடுக்கணும், அவ்வளவுதான்."

அந்த வழக்கத்தின் மற்றப் பாதியையும் அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். மாப்பிள்ளையும் ஆட்களும் ஒரே தடவையில் கடக்க வேண்டும். பாதிப்பேர் அந்தக் கரையில், பாதிப்பேர் இந்தக் கரையில் என்று நிற்கக் கூடாதாம். நாற்பது பேர். சாக்குத் துண்டு செருகிய வள்ளம்.

இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்கச் சொல்லியிருந்தேன். "ஓட்டப் படகுக்கு எவன் தாத்தா இன்சூரன்ஸ் தாரான்" என்று அக்காளைப் பார்த்துச் சிரித்தானாம். ஓட்டை என்று அவன் வாயாலேயே சொல்கிறான்.

செப்டம்பர் 19, திங்கள்

துறைக் குத்தகை கொடுக்கும் கந்தோருக்குப் படகைப் பற்றி எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று பக்கம், நல்ல இங்கிலீஷில். பெயர் போடவில்லை.

செப்டம்பர் 28, புதன்

பதில் இல்லை. அந்தக் கந்தோரின் தலைமைக் கிளாக்கரை நேரே போய்க் கண்டேன். யாழ்ப்பாணத்து மனிதர், சாந்தமானவர். என் மூன்று பக்கத்தையும் மேசையில் விரித்து வைத்தார்.

"உம்மட எழுத்து எண்டு வாசல்ல நிக்கிற பியோனுக்கும் தெரியும். போன வருசம் இறைச்சிக்கடைக்காரன். அதுக்கு முதல் பள்ளிக்கூட மாஸ்டர். உம்மட மச்சானைப் பற்றி மட்டும் இது ஐஞ்சாவது."

"இந்தத் தடவை உண்மை" என்றேன்.

"அப்ப மற்ற நாலும்?" என்றார்.

மற்ற நாலும் உண்மைதான் என்று படி இறங்கிய பிறகே சொல்லத் தோன்றியது. முழுவதும் உண்மையா? — முக்கால்வாசி.

ஒக்டோபர் 3, திங்கள்

லீவு போட்டுவிட்டு மடவளைக்குப் போனேன். போகும்போது பாலத்தைச் சுற்றியே போனேன். சம்பந்தி ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் தேத்தண்ணி தந்தார், வட்டிலப்பம் தந்தார், நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார்.

"மஹ்ரூப் முந்தியே வந்திட்டுப் போனார். 'மச்சான் வருவார், படகு ஒடஞ்சது எண்டு செல்லுவார், மனசுல எடுக்க வாணாம்' எண்டு செல்லிட்டுத்தான் போன. நீங்க வந்து அதே சொல்லையே செல்றீங்களே மச்சான்."

அவருடைய ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆத்திரத்தில் திரும்பும்போது படகிலேயே ஏறினேன். படகுக்காரன் பெயர் ராஜலிங்கம். ஹுன்னஸ்கிரியப் பக்கத் தோட்டம் ஒன்றில் ஆட்களைக் குறைத்தபோது பேர் வெட்டப்பட்டு வந்தவன். துறையைத் தெரிந்த பழைய ஆள் கூலிக்குச் சண்டை பிடித்துப் போய்விட்டதால் மஹ்ரூப் மலிவாக இவனைப் பிடித்திருக்கிறான். நீந்தத் தெரியாது என்று கேட்காமலே சொன்னான். படகின் தலையை நீரோட்டத்துக்குச் சரித்துப் பிடிக்கத் தெரியவில்லை, குறுக்கே கொடுக்கிறான். வண்டி ஏறினால் மாட்டை நுகத்திலிருந்து அவிழ்ப்பதில்லை. நேரம் வீணாகும் என்று முதலாளி சொன்னாராம்.

நான் பலகையை இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்குத் தண்ணின்னா பயங்களா?" என்றான். "வெயிலு சுள்ளுன்னு அடிக்குதுங்க. இந்த வெயில்ல ஆறு என்னாங்க செய்யும்?"

தோட்டத்து ஆள். மேலே வானத்தைப் பார்த்து மழையைத் தீர்மானித்துப் பழகியவன். இந்த ஆறு நம் வானத்தைப் பார்த்து ஏறுவதில்லை. ஹட்டன் பக்கம் பெய்தால் இங்கே வெயிலில் ஏறும். துறையடியில் வளர்ந்த எனக்குத் தெரியும்.

மஹ்ரூபின் ஆளோடு எனக்கென்ன பேச்சு. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒக்டோபர் 8, சனி

இன்னொரு பெட்டிசன். வேறொரு துரைக்கு.

ஒக்டோபர் 11, செவ்வாய்

ருக்கியா சேலையை விரித்துக் காட்டினாள். நன்றாயிருக்கிறது என்றேன். நாற்பது பேரும் ஒரு பக்கம் சாய்வதுதான் கண்ணில் வருகிறது.

ரபீகா சொன்னாள்: "இருவது வருஷமா ஊர்ல ஒரு மனிசனை விடாம எழுதினீங்க. இப்ப நீங்க நெருப்பு பத்திட்டு எண்டு கத்தினாலும் வாளி எடுக்க ஒருத்தன் வரமாட்டான்."

கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஒக்டோபர் 14, வெள்ளி

போய்விட்டது.

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஆட்கள் துறைக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். நல்ல வெயில். ஆறு மட்டும் செங்காவி நிறத்தில், நுரை தள்ளிக்கொண்டு. படகில் ஓடு ஏற்றிய ஒரு வண்டி, நுகத்தில் பூட்டியபடி இரண்டு மாடுகள். நடு ஆற்றில் இடப்பக்க வள்ளம் நிறைந்து தாழ்ந்ததும் மாடுகள் வெருண்டு அந்தப் பக்கமே சாய்ந்தனவாம். வண்டிக்காரன் கயிற்றைப் பிடித்துத் தப்பினான். படகு இல்லை. மாடுகள் இல்லை. ராஜலிங்கம் இல்லை.

மஹ்ரூப் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்.

அந்த நேரம் என் மனதில் முதலில் என்ன வந்தது என்று இங்கேயாவது எழுத வேண்டும். 'நான் சொன்னேனா இல்லையா.' அதுதான் வந்தது. சந்தோஷம் போலவும் இருந்தது.

ஒக்டோபர் 16, ஞாயிறு

பல்லேகலப் பக்கம் மூங்கில் பற்றையில் ராஜலிங்கத்தின் மையித்தைக் கண்டெடுத்தார்கள்.

ஹாஜியார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அல்லாஹ் காப்பாத்தின மச்சான். நீங்க சென்னதுதான் சரி." மாப்பிள்ளை பஸ்ஸில் பாலத்தால் வருவானாம். தெருவில் எல்லாரும் ஸலாம் சொல்கிறார்கள். இருபது வருடமாக எதிர்பார்த்த ஸலாம்.

ஒக்டோபர் 19, புதன்

ராஜலிங்கத்தின் மனைவி ரத்தினம்மா வந்தாள். வாசலிலேயே நின்றாள். கதிரை போட்டும் உட்காரவில்லை.

"பெட்டிசன் எழுதுற ஐயா நீங்கதானுங்களா? மொதலாளி கையில ஒண்ணும் இல்லைன்னு சொல்றாரு. படகுக்கு இன்சூரன்சும் இல்லையாங்க. வெசாரணையில கொடுக்கணும், ஒரு கடுதாசி எழுதித் தாங்க."

எழுதலாம் என்றேன். சும்மா இருந்திருக்கலாம் — வாய் நிற்கவில்லை. இந்தப் படகைப் பற்றிச் செப்டம்பரிலேயே எழுதினேன், இரண்டு பெரிய இடங்களுக்கு எழுதினேன், மடவளைக்கே போய்ச் சொன்னேன், யாரும் கேட்கவில்லை என்றேன்.

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொன்னீங்களா?"

நான் பேனாவைத் தேடினேன்.

"ஏன் கேக்குறேன்னா, சொன்னா கேக்குற மனுசன்தாங்க. தண்ணியைப் பத்தி ஒண்ணுந் தெரியாது அவருக்கு. யாராச்சும் சொல்லித் தந்தா நல்லாருக்கும்னு வீட்டுல சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு."

அழவில்லை அவள். அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஒக்டோபர் 21, வெள்ளி

ஆறு வரி எழுதினேன், கிழித்தேன். மஹ்ரூபைக் குற்றவாளியாக்குவது எளிது. வார்த்தைகள் நாலு வருடமாகத் தயாராக இருக்கின்றன. ரபீகா சொல்கிறாள், "தம்பிய மறியல் வீட்டுக்கு அனுப்பிட்டு மகளுக்கு நிக்காஹ் வெக்கப் போறீங்களா?" ஆனால் பேனா நிற்பது அந்த இடத்தில் அல்ல. 'படகின் நிலை எனக்கு முன்பே தெரியும்' என்று எழுதியதும் அடுத்த வரி வர மறுக்கிறது.

யாருக்கெல்லாம் எழுதினேன். ஒரு கெஜ தூரத்தில் நின்றவனுக்கு —

ஒக்டோபர் 23, ஞாயிறு

நிக்காஹ் முடிந்தது. மூன்று பஸ். ருக்கியா சந்தோஷமாக இருக்கிறாள்.

மஹ்ரூப் வந்தான். சபைக்குள் வராமல், பின்னால், கூடி உண்ணும் சஹன் தட்டுகளுக்குச் சோறு போடும் இடத்தில் நின்றான். நான் அந்தப் பக்கம் போனபோது, "மச்சான்" என்றான். நாலு வருடத்துக்குப் பிறகு.

"வியாழக்கிழம வெசாரண. நீங்க எல்லாத்தையும் செல்லுங்க. எனக்கு வாய் வராது."

"சாப்பிட்டியா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினான். ஒரே சஹனில் உட்கார்ந்தோம். இருவருக்கும் இறங்கவில்லை.

ஒக்டோபர் 27, வியாழன்

ரத்தினம்மாவின் கடுதாசியைக் கொடுத்தேன். அடியில், எழுதியவரும் சாட்சியும் என்று என் பெயர்.

பொருத்து, சாக்கு, நுகம், நீரோட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். மஹ்ரூப் தலை நிமிரவில்லை. ஒன்றையும் மறுக்கவும் இல்லை. பிறகு விசாரணைத் துரை கேட்டார்: மூன்றாம் திகதி நீரே அந்தப் படகில் வந்திருக்கிறீர். ஆபத்து உமக்குத் தெரியும். ஆறு ஏறுவது எப்படி என்பதும் தெரியும். இறந்தவரிடம் என்ன சொன்னீர்?

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் திரும்பச் சொல்லும் வரை காத்திருந்தேன். எனக்கு இங்கிலீஷ் விளங்காதது போல.

"ஒன்றும் சொல்லவில்லை" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். சுவரோர வாங்கில் உட்கார்ந்தபடி ரத்தினம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சரி என்று கையெழுத்து வைத்தேன்.