முடி இறக்கும் வரை

மார்ச் 10, செவ்வாய்

வெயில். காலை எட்டுக்கே வாசல் சிமெண்டு காலைச் சுடுகிறது. இன்றைய வேலை: கேழ்வரகு ஊறப்போட. டயப்பர். மு. சட்டைக்குப் பட்டன். பாப்பா பாஸ்போர்ட் என்னாயிற்று என்று கேட்க. (மு. என்றால் முருகேசன், என் வீட்டுக்காரர். யாரும் படிக்கப்போவதில்லை. யாருக்கு விளக்கம் சொல்கிறேன்?)

பாப்பாவுக்கு ஏழாம் மாதம். கீழே ஒரு பல் அரிசி முனை அளவு. கடிக்கிறாள். பால் கொடுக்கும்போது கத்திவிட்டேன். அவளும் பயந்து கத்தினாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

இன்று அம்மாவுக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. அண்ணன்தான் காரில் கொண்டுபோய் விட்டு, நான்கு மணி நேரம் கழித்து வீட்டில் இறக்கிவிட்டு, பாக்டரிக்கு ஓடுகிறான். அப்பா இல்லை. வேறு ஆள் இல்லை.

மு.வுக்கு மலேசியாவில் வேலை பெர்மிட் முடிந்து, நானும் பந்திங்கை விட்டு இந்த இலுப்பூருக்கு வந்து ஒன்றரை வருடம். விமான நிலையத்துக்கு அம்மா என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்புறம் சிறுநீரகம் போய்விட்டது. எனக்கு அப்போது ஆறாம் மாதம். மறைத்துவிட்டார்கள். பாப்பா பிறந்த பிறகுதான் சொன்னார்கள். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

போக வேண்டும். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் அம்மா முன்னால் நிற்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

மாமியார் சொல்வது: "முடி எறக்காம புள்ளையக் கடல் தாண்ட விடக் கூடாதுத்தா. அய்யனாருக்கு எறக்கிப்புட்டு எங்கிட்டு வேணாலும் போ, நான் கேக்கவா போறேன்?"

முடி இறக்கத் தாய்மாமன் மடி வேண்டும். தாய்மாமன் இங்கே வந்தால் அம்மாவை யார் டயாலிசிஸுக்குக் கொண்டுபோவது? சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து நிற்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

மீன்காரர் நேரத்துக்கு வரவில்லை, பத்து மணிக்குத்தான் வந்தார். கட்டுமாவடியிலிருந்து பைக்கில் வருபவர். பெட்டியில் பாதிதான் மீன்.

"போட்டு கடலுக்குப் போகலங்க. ஜெகதாப்பட்டினத்துல நாலு பேரப் புடிச்சுட்டாய்ங்க. கோடு தாண்டிட்டாய்ங்களாம்."

கோடு. தண்ணீரில் எப்படிக் கோடு தெரியும் என்று கேட்டேன். "தெரியாதுங்க. புடிச்ச பொறவுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சங்கரா எடை போட்டார். பால் கொடுப்பவளுக்கு நல்லது என்று ஒன்று கூடப் போட்டார்.

எனக்கும் பாப்பாவுக்கும் நடுவிலேயே ஒரு கோடு இருக்கிறது. அவள் இந்தியா, நான் மலேசியா. எங்கள் நாட்டில் அப்பா குடிமகன் என்றால் வெளியூரில் பிறந்த பிள்ளையும் தானாகக் குடிமகன். அம்மா என்றால் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். சட்டத்தை மாற்றிவிட்டார்கள், இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று அண்ணன் சொல்கிறான். பத்து மாதம் சுமந்தவளுக்கு விண்ணப்பமாம்.

சாயங்காலம் நாத்தனார் போன். அவர் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் முறைதானாம், அவர் மடியிலேயே வைத்து இறக்கிவிடலாமாம். முறைப்படி சரிதான். நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்குச் சுர்ரென்று வந்தது. எனக்கென்று ஒருவன் இருக்கிறான். கூடப் பிறந்தவன். என்னைச் சைக்கிளில் வைத்துத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோனவன். "யோசிக்கிறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுச் சோற்றை அடியில் பிடிக்கவிட்டேன்.

ஆச்சரியம், மாமியார் என் பக்கம். "அவ அண்ணன் உசுரோட குத்துக்கல்லாட்டம் இருக்கையில, இன்னொருத்தன் மடி என்னத்துக்கு?" என்று போனை வாங்கி மகளையே அதட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "சோறு தீயுது பாரு" என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

பங்குனி பிறந்துவிட்டது. இங்கே எல்லோரும் மாதத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், வீட்டு ஆள் மாதிரி. மாசிக்குப் பனி, பங்குனிக்குக் காய்ச்சல், சித்திரைக்குப் பயம். எங்கள் ஊரில் ஒரே காலம்தான். காலையில் புழுக்கம், நாலு மணிக்கு மழை. நாலு மணி ஆனால் எனக்கு இப்போதும் கொடித் துணி ஞாபகம் வருகிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன். வானம் வெள்ளையாக நிற்கிறது.

ஓட்டுக் கேட்டு வந்தார்கள். பத்துப் பேர், ஒரு மைக், ஒரு நாய்.

"எத்தன ஓட்டுங்க?"

"மூணு. சின்னவன் துபாய்ல" என்றார் மாமியார். (சின்னவன், மு.வின் தம்பி.)

"இவங்க?"

"மலேசியாக்காரி. இங்கிட்டு ஓட்டு இல்ல."

துண்டுப் பிரசுரத்தை நீட்டிய பெண் கையை இழுத்துக்கொண்டார். பாப்பா அதைப் பிடுங்கி வாயில் வைத்தாள். வீட்டில் ஓட்டில்லாதவர்கள் நானும் அவளும். அங்கே கடைசித் தேர்தலில் ஓட்டுப் போட்ட மை விரலோடு நானும் அம்மாவும் எடுத்துக்கொண்ட படம் போனில் இருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முக்கியம்: அண்ணன் அழைத்தான். நோன்புப் பெருநாளுக்குப் பாக்டரி மூடுகிறார்கள். சனிக்கிழமை டயாலிசிஸை வெள்ளிக்கே வைத்துவிட்டார்கள். அடுத்தது செவ்வாய். நடுவில் சனி, ஞாயிறு, திங்கள். "வந்துட்டுப் போயிடுறேன், செல்வி." டிக்கெட் போட்டுவிட்டான்!

நான் சத்தம் போட்டதில் பாப்பா விழித்துக்கொண்டாள்.

மார்ச் 18, புதன்

பட்டியல் (மாமியார் சொல்லச் சொல்ல):
பச்சரிசி, வெல்லம், தேங்காய் 11. மாலை: அய்யனாருக்குப் பெரியது, கருப்பருக்கு ஒன்று. சந்தனம். நாவிதருக்குச் சொல்லியாயிற்று. காது குத்த ஆசாரிக்குச் சொல்ல. மறைக்கத் துணி ஒன்று (கருப்பருக்குக் கிடா வெட்டும்போது அய்யனார் பார்க்கக் கூடாது, அவர் சைவம்).

"உங்க குலசாமி எதுத்தா?" என்று பூசாரி வீட்டு அம்மா கேட்டார். தெரியாது. தாத்தாவின் அப்பா கப்பலேறியபோது சாமி பெயரைச் சொல்லிக்கொடுக்காமல் போய்விட்டார். தோட்டத்து முனியாண்டிதான் எங்களுக்கு எல்லாம். தகரக் கூரை, பின்னால் எண்ணெய்க்குப் போட்ட செம்பனை மரங்கள். அதைச் சொன்னதும் அந்த அம்மா பாவமாகப் பார்த்தார். எனக்குப் பாவமாக இல்லை. முனியாண்டி ஒன்றும் குறை வைத்ததில்லை.

பக்கத்துத் தெருவிலிருந்து நோன்புக் கஞ்சி வந்தது. அங்கேயும் பள்ளிவாசல் கஞ்சி வாங்க அம்மா என்னைத் தூக்குவாளியோடு அனுப்புவார். அது வேறு ருசி. இதுவும் நன்றாகத்தான் இருந்தது. 

மார்ச் 20, வெள்ளி

டயாலிசிஸில் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. பாதியில் நிறுத்திவிட்டார்கள். மிச்சத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணன்: "டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுறேன்மா. கோவிச்சுக்காத."

பின்னால் அம்மா குரல்: "போடா. பக்கத்து வீட்டு ஆண்ட்டி கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாங்க. மாமன் இல்லாம புள்ளைக்கு மொட்டையா?" அந்தச் சீன ஆண்ட்டிக்கு எழுபது வயது. கார் நன்றாக ஓட்டுவார்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். வராதே, அம்மாவோடு இரு, நாத்தனார் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று. இரண்டு முறை வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அண்ணன் காத்துக்கொண்டிருந்தான், அது எனக்குத் தெரிந்தது. "நீயே முடிவு பண்ணுண்ணே" என்றேன். மோசமான பதில். முடி இறக்கினால்தான் நான் போக முடியும், நான் போனால்தான் அம்மாவைப் பார்க்க முடியும் என்று எனக்கு நானே கணக்குச் சொல்கிறேன். அம்மாவுக்கு ஏதாவது ஆனால் இந்தப் பக்கத்தை நானே படிக்க முடியாது.

மார்ச் 21, சனி

திருச்சியில் போய் அழைத்து வந்தோம். அண்ணன் குண்டாகிவிட்டான், முன்நெற்றி ஏறிவிட்டது. பாப்பா அவனைப் பார்த்து வீறிட்டாள். "மாமன்டி, கழுத" என்றான், அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பெட்டியைத் திறந்ததும் எங்கள் வீட்டு அலமாரி வாசனை. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். உள்ளே: பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை, தோடு, பாலில் கலக்கும் மைலோ, பிஸ்கட், அம்மா இடித்த மிளகாய்த் தூள். அந்தக் கையோடு, ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையோடு, எப்படி இடித்தார் என்று கேட்கப் பயமாக இருந்தது. 

மார்ச் 23, திங்கள்

அண்ணன் போய்விட்டான். பாப்பா தூங்குகிறாள், மொட்டைத் தலையில் சந்தனம் வெடித்துக் காய்ந்திருக்கிறது. நேற்றையதை இப்போதுதான் எழுதுகிறேன்.

கோயில் பொட்டலில் ஒன்பது மணிக்கே அனல். நாங்கள் பொங்கல் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் தன் பையிலிருந்து ஒரு கறுப்பு பீர் பாட்டிலும் இரண்டு சுருட்டும் எடுத்து, பக்தியாக, அய்யனார் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டான். எங்கள் முனியாண்டிக்கு அப்படித்தான் வைப்போம். மீசை வைத்த சாமி எல்லாம் ஒன்று என்று நினைத்திருக்கிறான்.

"ஐயய்யோ! சைவச் சாமிக்கு முன்னாடி!" மாமியார் கரண்டியோடு ஓடினார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பா அதிர்ச்சியா தெரியவில்லை. அண்ணன் அசையாமல் நின்றான், முகம் செத்துவிட்டது.

பூசாரி நிதானமாக வந்தார். பாட்டிலைத் தூக்கி வெயிலில் பார்த்தார். "அய்யனாருக்கு வேணாங்க. அந்தா அங்கிட்டு நிக்கிறாரே கருப்பரு, அவருக்கு வைங்க. தூரத்துலருந்து வந்துருக்கீங்க, சாமிக்குத் தெரியாதா?" தண்ணீர் தெளித்து, மறுபடி விளக்கேற்றி, எல்லாம் அரை மணி நேரம். மு. சிரித்துக்கொண்டே இருந்தார். முதுகில் ஒன்று வைத்தேன்.

பிறகு அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடியில் பாப்பா. முதல் கத்தி பட்டதும் அவள் அழுதாள், அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். முடி அவன் வேட்டியில் விழுந்தது, ரொம்ப மெல்லிசு. காது குத்தும்போது நான் திரும்பிக்கொண்டேன். மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "முடிஞ்சுச்சுத்தா. இனி எந்தக் கடலுக்கும் போலாம்."

அந்த நேரம் பந்திங்கில் அம்மா டயாலிசிஸ் நாற்காலியில். போன் போட்டோம். சீன ஆண்ட்டி போனைப் பிடித்துக்கொண்டு, "ஓகே, ஓகே, பிரஷர் ஓகே" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பாப்பாவைத் தூக்கிக் காட்டினேன். மொட்டை, தோடு, ஒற்றைப் பல், எல்லாம் காட்டினேன். அம்மா சிரித்தார். "அப்படியே உங்க அப்பா தல." மறுபடி காட்டினேன், பக்கவாட்டில், பின்பக்கம். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தேன். பாஸ்போர்ட் இந்த வாரம் வந்துவிடும், பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், வைகாசிக்குள் வருகிறேன் என்று.

"செல்வி, பாப்பாவ அண்ணன்கிட்ட குடு" என்றார் அம்மா.

கொடுத்தேன்.

"போனை மாப்பிள்ளைகிட்ட குடு. நீ தள்ளி நில்லு. முழுசாத் தெரியட்டும்."

தள்ளி நின்றேன். வெயிலில், சேலையெல்லாம் பால் கறை, தலை கலைந்து. திரையில் அம்மா முகம் அப்படியே நின்றது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.