சம்பந்தி வீட்டுக் கறுப்புப் பட்டி

அக்டோபர் 26, ஞாயிறு

என் மகள் கீர்த்திக்கு நிப்பாணிப் பையன்தான் வேண்டுமாம். பெயர் தினேஷ், இங்கே பூனாவில் வாகட் பக்கம் இருவருக்கும் ஒரே அலுவலகம். மராத்திக் குடும்பம், ஊர் இருப்பதோ கர்நாடகத்தில். அவன் அப்பா சௌகுலே, வருடந்தோறும் நவம்பர் ஒன்றாம் தேதி, கர்நாடகம் உருவான நாளை, தன் ஊரை மகாராஷ்டிரத்தில் சேர்க்காத துக்கநாள் என்று கையில் கறுப்புப் பட்டி கட்டி ஊர்வலம் போகிறவர். எல்லை போட்டு அறுபது, எழுபது வருடமாகிறது. இன்னும் ஒப்பாரி. முட்டாள்தனத்துக்கும் வாரிசு வேண்டுமே.

அக்டோபர் 28

ஒன்றாம் தேதி சம்பந்தம் பேச வருகிறோம் என்று சௌகுலேயிடம் சொன்னேன். "அன்னிக்கு மட்டும் வேணாமே, சாஹேப்" என்று கெஞ்சினார். வேண்டுமென்றேதான் அந்தத் தேதி. சரித்திர வாத்தியார் என்னிடமா இந்த வேஷம்?

நவம்பர் 1, சனி

கூத்து. நாங்கள் போனபோது சௌகுலே போலீஸ் ஸ்டேஷனில். வாசலில் அவர் மனைவி மல்லிகா கன்னடக் கொடி நிறத்தில் போட்ட சிவப்பு மஞ்சள் ரங்கோலி. அவள் கன்னடக்காரி! புருஷனின் பட்டிக்கு இஸ்திரி போட்டதும் அவளே. அவரைப் பிடித்துக்கொண்டு போன சப் இன்ஸ்பெக்டர் அவள் அண்ணன்.

"வருஷா வருஷம் இதான்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தாள். "சாயங்காலம் எங்கண்ணனே கொண்டாந்து விடுவான். போளி திங்கணுமே."

அப்படியே நடந்தது. பிடித்தவனும் பிடிபட்டவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய் கேட்டு வாங்கித் தின்றார்கள். சகிக்கவில்லை.

"எந்த மாநிலம்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அப்புறம் பொண்ணு தர்றேன்" என்றேன்.

சௌகுலே பட்டியை அவிழ்த்து மடித்தார். "முப்பது வருஷமா பூனாவுல இருக்கீங்க. உங்களை அங்க என்னன்னு கூப்பிடுறாங்க, சாஹேப்?"

மதராஸி என்று. அதை இவரிடமா சொல்வது? எழுந்துவிட்டேன்.

நவம்பர் 2

கட்கியில் எங்கள் வீடு வரும்வரை கீர்த்தி தினேஷுக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டே வந்தாள். இருக்கட்டும். காலேஜில் எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் நாற்காலியை நேத்து வந்த லோக்கல் ஆளுக்குக் குடுத்தானுங்க — நான் பட்டி கட்டினேனா? ஒரு வார்த்தை கேட்டேனா? இவனுங்க கட்டுறானுங்க, வெக்கமில்லாம.

நவம்பர் 23

கல்யாணம் அடுத்த மாதம், நிப்பாணியிலேயே. என் மனைவி சாவித்ரி புடவைகூட எடுத்துவிட்டாள். என்னையும் "வாங்க" என்றாள். ஒரு முறைதான்.

டிசம்பர் 14, ஞாயிறு

கல்யாணம் முடிந்து சாவித்ரி திரும்பி வந்தாள். தாரை வார்த்தது யார் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: அந்த சப் இன்ஸ்பெக்டரும் அவர் மனைவியும். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், பெண் வீட்டாராக நின்றானாம். பக்கம் மாறுவது அந்த ஊருக்குப் புதிதா?

"உடனே ஒத்துக்கிட்டானாக்கும்?"

"இல்லீங்க. பொண்ணோட அப்பா வர்றவரைக்கும் காத்திருக்கலாம்னு அவருதான் சொன்னாரு. கீர்த்திதான் வேணாம்னுட்டா."